ஆடி பிறந்தாச்சு… எதை விதைக்கலாம்?

வீட்டுத்தோட்டம் – வாசகர் கேள்வி பதில்

ஆடி பிறந்ததும் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் சுமந்து வருகின்றன: இப்போது எதைப் போடலாம்? 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற சொல் மழையை நம்பி விதைத்த மானாவாரிக்காரர்களின் சொல். குழாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு மழை வருமா என்ற கவலை இல்லை. எந்த வாரம் கொட்டும், அப்போது செடி என்ன வயதில் நிற்கும் என்பதுதான் கவலை. ஆகவே விதைக்கும் நாளைக் கடைசியில் பாருங்கள். காய் பறிக்க வேண்டிய நாளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இந்தக் கணக்குதான்.

கேள்வி: மொட்டை மாடியில் 20 பைகள் வைக்கலாம். காலை 8 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை நல்ல வெயில். போன ஆடியில் தக்காளி போட்டோம். செடி இடுப்பளவு வந்தது, ஐப்பசி மழையில் அத்தனையும் கருகிவிட்டது. நாலு பேர் குடும்பத்துக்கு இந்தத் தடவை என்னென்ன போடலாம்?
*– வாசகி, மேற்குத் தாம்பரம்*

தக்காளி கருகியதற்கு உங்கள் கைராசி காரணமில்லை, நாள்கணக்குதான் காரணம். ஆடி முதல் வாரம் விதைத்தால் நாற்றங்காலில் 25 நாள், நட்டபின் முதல் பழத்துக்கு ஏறக்குறைய 70 நாள். எண்ணிப் பாருங்கள், ஐப்பசி முதல் வாரம் வரும். சென்னைப் பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அப்போதுதான். இலை நாள்முழுக்க ஈரமாக இருந்தால் இலைக்கருகல் பூஞ்சை கீழ் இலையில் பிடித்து மேலே ஏறும், பூ கொட்டும், பிடித்த காய் வெடிக்கும். அந்த நிலையில் எந்த மருந்தும் பெரிதாக உதவாது. தக்காளியை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐப்பசி கடைசி வாரம் கூரைக்கு அடியில் நாற்று விட்டு, கார்த்திகை மூன்றாம் வாரம் மழை தணிந்ததும் நடுங்கள். தை மாதத்துக் குளிர்ந்த இரவுகளில் பூ நன்றாகக் காய்பிடிக்கும், மாசியில் பழம் பறிக்கலாம்.

இப்போது போட வேண்டியவை, மழைக்கு முன் காய்த்து முடிப்பவையும் மழையைத் தாங்கி நிற்பவையும்.

வெண்டைக்கு 6 பைகள் ஒதுக்குங்கள், பைக்கு இரண்டு செடி. விதைத்த 45ஆம் நாள் முதல் காய், அதாவது ஆவணி மூன்றாம் வாரம். அங்கிருந்து ஐப்பசித் தொடக்கம் வரை காய்க்கும். 12 செடியில் மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு வேளைப் பொரியலுக்குக் கிடைக்கும். நாலைந்து செடி மட்டும் வைத்தால் ஒரு குழம்புக்குக்கூடச் சேராது. வீட்டுத்தோட்டத்தில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்: எல்லாவற்றிலும் இரண்டிரண்டு செடி வைப்பது, எதுவும் சமையலுக்குப் போதாமல் போவது. விதையை 6 முதல் 8 மணி நேரம் ஊறவைத்து, 2 செ.மீ. ஆழத்தில் இடத்துக்கு மூன்றாக ஊன்றி, முளைத்து ஒரு வாரம் கழித்து வலுவான ஒன்றை மட்டும் விடுங்கள். மற்றவற்றைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் ஆடிவிடும்.

கொத்தவரைக்கு 3 பைகள், பைக்கு மூன்று செடி. 55 நாளில் காய். வெயிலைப் பொருட்படுத்தாத செடி, தண்ணீர் மிஞ்சினால்தான் முகம் வாடும். கத்தரிக்கு 4 பைகள், பைக்கு ஒரே செடி. இப்போது நாற்று விட்டால் ஆவணி முதல் வாரம் நடலாம், ஐப்பசி பிறக்கும்போது முதல் காய். வேரில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் மழையைத் தாண்டி மாசி வரை காய்க்கும். மிளகாய்க்கு 2 பைகள். இதன் நாற்றுக்கு 40 நாள் ஆகும் என்பதால் உங்களுக்கு விதையைவிட நர்சரி நாற்றே லாபம். மழையில் பூக்கொட்டிச் சும்மா நிற்கும். பிடுங்கிவிடாதீர்கள், மார்கழியில் மறுபடி பிடித்துக்கொள்ளும். மீதியில் 2 பெரிய பைகள் பீர்க்கு அல்லது பாகலுக்கு, 3 அகலப் பைகள் கீரைக்கு. கீரையை மூன்றிலும் ஒரே நாளில் தூவாமல் பத்து நாள் இடைவெளியில் தூவினால் தொடர்ந்து கிடைக்கும். சிறுகீரை, முளைக்கீரை 25 நாளில் பிடுங்கும் பதம்.

பை அளவு: வெண்டை, கொத்தவரை, மிளகாய்க்கு 12க்கு 12 அங்குலம், கத்தரிக்கும் கொடிக்கும் 15க்கு 15. மண் கலவையில் சென்னைக்காரர்கள் கோகோபீட்டை (தென்னை நார்க்கழிவை) குறைக்க வேண்டும். கோடையில் அது ஈரத்தைப் பிடித்து வைப்பது வரம். ஐப்பசியில் அதே குணம் வேரை அழுகச் செய்யும். செம்மண் 2 பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் 2 பங்கு, கோகோபீட் 1 பங்கு போதும். கோகோபீட் கட்டியை ஊறவைத்த தண்ணீரை இரண்டு மூன்று முறை பிழிந்து கொட்டுங்கள், அதில் உப்பு இருக்கும். பைக்கு 50 கிராம் வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து, ஈரப்படுத்தி ஒரு வாரம் ஆறவிட்டபின் விதையுங்கள். கலந்த அன்றே விதைத்தால் பிண்ணாக்கு நொதிக்கும் சூட்டில் முளை கருகும்.

எடையையும் கணக்கில் கொள்ளுங்கள். 12 அங்குலப் பை நனைந்தால் 22 முதல் 25 கிலோ, 15 அங்குலப் பை 45 கிலோவை எட்டும். நடுமாடியில் குவிக்காமல் சுவரும் உத்தரமும் ஓடும் ஓரங்களில் வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு பையும் இரண்டு செங்கல் மேல் நிற்கட்டும், அடியில் தண்ணீர் ஓட இடம் வேண்டும். பையின் அடியில் மட்டுமன்றி, அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் பக்கவாட்டிலும் நான்கு துளை போடுங்கள். அடித்துளையை வேர் அடைத்துவிட்டாலும் பக்கத்துளை காப்பாற்றும்.

உரமாக, கடலைப் பிண்ணாக்கு 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, அதைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து 15 நாளுக்கு ஒருமுறை வேரில் ஊற்றலாம். பஞ்சகவ்யம் கிடைத்தால் லிட்டருக்கு 30 மில்லி, மாலையில் இலைமேல் தெளிக்கலாம். தோட்டக்கலைத் துறை மானியத்தில் மாடித்தோட்டத் தளை (கிட்) வழங்குவதுண்டு. விலையும் உள்ளடக்கமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பை வாங்குங்கள்.

கேள்வி: கொத்தமல்லி முளைப்பதே இல்லை. கீரை விதையோ தூவிய மறுநாள் காணாமல் போகிறது. ஏன்?
*– வாசகர், விருத்தாசலம்*

கீரை விதையை எறும்பு தூக்கிப்போகிறது. ஒரு ஸ்பூன் விதையைப் பத்து ஸ்பூன் மணலோடு கலந்து தூவி, மேலே சலித்த தொழுவுரத்தை மெல்லியதாகப் போர்த்துங்கள். பாத்தி ஓரத்தில் ஒரு பிடி நொய்யைப் போட்டுவைத்தால் முளைக்கும்வரை எறும்பு அங்கே திரும்பிவிடும்.

கொத்தமல்லியில் நாம் விதை என்று சொல்லும் உருண்டை உண்மையில் இரண்டு விதை ஒட்டிய காய். செருப்பு அடியாலோ பூரிக்கட்டையாலோ மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, 8 மணி நேரம் ஊறவைத்து, 1 செ.மீ. ஆழத்தில் விதைத்தால் 10 முதல் 12 நாளில் முளைக்கும். அந்தப் பத்து நாளும் மேல்மண் காயக் கூடாது. மளிகைக்கடைத் தனியாவே போதும், பழையதாக இல்லாமல் இருந்தால். ஆனால் உங்கள் ஊர் ஆடி வெயிலில் முளைத்தாலும் இலை விடுமுன் பூக்கப் பார்க்கும். ஐப்பசிக்குப் பிறகு போடுங்கள், இப்போதைக்கு வெந்தயக்கீரை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் காலியிடம். போர் தண்ணீர் உப்பு. மீட்டரில் 1,800 காட்டுகிறது. பீன்ஸ், முள்ளங்கி, வெங்காயம் எதைப் போட்டாலும் இலை ஓரம் காய்ந்துபோகிறது. இந்தத் தண்ணீருக்கு என்னதான் வரும்?
*– வாசகர், பல்லடம்*

மீட்டரில் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. பாசனத் தண்ணீருக்குப் பொதுவான அளவுகோல் இதுதான்: கரைந்த உப்பு லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் என்றால் எதையும் வளர்க்கலாம், 450 முதல் 2,000 வரை பயிரைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும், 2,000ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகள் தோற்கும். நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். அதோடு, நீங்கள் தேர்ந்த மூன்றும் உப்புக்கு மிகவும் கூச்சப்படும் பயிர்கள். பீன்ஸ், முள்ளங்கி, வெங்காயம், காரட் நான்கையும் மறந்துவிடுங்கள்.

கொத்தவரை உங்களுக்காகவே படைக்கப்பட்டது. காய்கறிகளில் அதன் அளவுக்கு உப்பைத் தாங்குவது அரிது. அடுத்து காராமணி, குத்துச்செடி ரகம் 50 நாளில் காய்க்கும், பிஞ்சாகப் பொரியலுக்கும் முற்றவிட்டுப் பயறாகவும் ஆகும். புரட்டாசியில் பீட்ரூட் போடலாம், முளைக்கும் பருவத்தில் மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றினால் பிறகு உப்பைப் பொறுத்துக்கொள்ளும். தக்காளி நடுத்தரம், காய் சற்றுச் சிறுக்கும், சுவை குறையாது. ஓரத்தில் முருங்கை ஒன்று இருக்கட்டும். பெரியகுளத்திலிருந்து வந்த பிகேஎம் 1 செடிமுருங்கை விதையிலிருந்தே வரும், ஆறேழு மாதத்தில் காய்க்கத் தொடங்கும்.

எதைப் போட்டாலும் தண்ணீர் விடும் முறையை மாற்ற வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, செடிக்கு வேண்டியதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக, வேரைத் தாண்டி இறங்கும்படி விடுங்கள். இலைமேல் படவே கூடாது, நீங்கள் பார்க்கும் இலையோரக் கருகலில் ஒரு பகுதி அதனால்தான். பார் (மண்வரப்பு) கட்டுகிறீர்கள் என்றால் உப்பு பாரின் உச்சியில் வந்து சேரும்; விதையை உச்சியில் ஊன்றாமல் பக்கச் சரிவில் ஊன்றுங்கள். மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த இலை மூடாக்குப் போடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று தொட்டிச்செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் போர் தண்ணீரைவிட உப்பு அதிகம், பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மென்மையாக்கும் கருவியின் நீரும் வேண்டாம், அது சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கிறது. ஜிப்சம் போடச் சொல்வார்கள். அது சோடியம் ஏறி இறுகிப்போன களர்மண்ணுக்கு மருந்து. வெறும் உப்புக்கு அது பயன்படாது. மண் பரிசோதனைச் சீட்டு வராமல் மூட்டை வாங்காதீர்கள்.

கேள்வி: பீர்க்கங்கொடி நிறையப் பூக்கிறது. காய் மட்டும் விரலளவு வந்து மஞ்சளாகி விழுகிறது. பாகலில் அப்படி இல்லை. மருந்து அடிக்கலாமா?
*– வாசகி, திண்டுக்கல்*

விழுந்த பிஞ்சு ஒன்றை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈ. எதுவும் இல்லாமல் சுருங்கியிருந்தால் மகரந்தம் சேரவில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதுதான். பாகல் விடியற்காலையில் பூக்கும், தேனீ வேலையை முடித்துவிடும். பீர்க்கும் சுரையும் மாலையில் விரியும், புடல் இருட்டியபின். நகரத்து மாடியில் அந்த நேரத்துக்கு வரும் பூச்சி குறைவு.

நீங்களே சேர்த்துவிடலாம். மாலை 6 முதல் 8 மணிக்குள், அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும், ஆண் பூவில் வெறும் காம்பு. ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். மறுநாள் காலை செய்தால் பலன் இல்லை.

முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண் பூ மட்டும்தான் வரும், அதற்குப் பதற வேண்டாம். அதற்குப் பிறகும் பெண் பூ வராமல் கொடி கரும்பச்சையாகத் தழைத்தால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது, பிண்ணாக்குக் கரைசலை நிறுத்துங்கள். யூடியூபில் எல்லோரும் சொல்லும் '3ஜி கட்டிங்', அதாவது தாய்க்கொடியின் நுனியைக் கிள்ளிப் பக்கக்கிளை வரவிட்டு, அதையும் கிள்ளிப் பேரக்கிளையை வரவிடுவது, சுரைக்கு உண்மையிலேயே வேலை செய்யும். பாகல் தானாகவே கிளைக்கும், அதற்கு அநாவசியம்.

ஒருவேளை புழு இருந்தால்: விழுந்த பிஞ்சை அங்கேயே விடாமல் பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். மண்ணுக்குள் போனால் அடுத்த தலைமுறை ஈயாக எழும்பும். பிடித்த காயை மூன்றாம் நாளே காகிதப் பையால் மூடுங்கள். பொறி வாங்கும்போது கவனம், மாவுக்கும் கொய்யாவுக்கும் விற்கும் மெத்தில் யூஜினால் பொறியில் கொடிக்காய் ஈ விழாது. 'கியூலூர்' என்று கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார், நம்பாதீர்கள்.

கேள்வி: தை மாதம் நட்ட பந்தல் அவரை வீட்டையே மூடிவிட்டது. ஆறு மாதமாகிறது, ஒரு பூ இல்லை. மலட்டு விதையா?
*– வாசகர், உசிலம்பட்டி*

விதை நல்ல விதைதான். பந்தல் அவரை பகல் குறுகி இரவு நீளும்போது மட்டும் பூக்கும் பயிர். தையில் நட்டால் அதன்பின் பகல் நீண்டுகொண்டே போகிறது. கொடிக்குப் பூக்கும் சேதி கிடைப்பதே இல்லை. ஆடியில் நட்டதும் தையில் நட்டதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஐப்பசி கடைசியிலோ கார்த்திகையிலோதான் பூக்கும். ஆறு மாதத் தண்ணீர் வீண், அவ்வளவே.

இப்போது வெட்டி எறிய வேண்டாம். கொடியை மூன்றில் ஒரு பங்குக்குக் கவாத்து செய்து, அடியில் ஒரு கூடை தொழுவுரம் வைத்து விடுங்கள், தையில் காய் கொழிக்கும். தெருவிளக்கு நேராக அடிக்கும் பக்கம் மட்டும் பூப்பது தள்ளிப்போகலாம், அந்த வெளிச்சத்தைச் செடி பகலென்று எடுத்துக்கொள்ளும். சிறகவரைக்கும் இதே கணக்கு. ஆண்டு முழுக்க அவரை வேண்டுமென்றால் குத்தவரை ரகம் கேட்டு வாங்குங்கள், அதற்குப் பகல் நீளம் பொருட்டில்லை.

பூ வந்ததும் கொத்துக்கொத்தாகக் கறுப்பு அசுவினிப் பூச்சி வரும். முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். பிறகும் இருந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை, காதி சோப்புக் கரைசல் சேர்த்து நுரைக்கக் கலக்கி மாலையில் அடியுங்கள். சோப்பு சேராமல் எண்ணெய் மிதந்தால் இலைதான் கருகும்.

கேள்வி: அடுக்குமாடியில் வடக்குப் பார்த்த பால்கனி. இப்போது மூன்று மணி நேரம் வெயில் வருகிறது. வெண்டை, மிளகாய் போடலாமா?
*– வாசகி, கோயம்புத்தூர்*

வேண்டாம். ஆனி, ஆடியில் நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கிறது, அதனால்தான் இப்போது வெயில் வருகிறது. ஆவணி முதல் வாரத்துக்குப் பிறகு அது தெற்கே சாயும். வெண்டை பூக்கும் நேரத்தில் உங்கள் பால்கனி நிழலாகிவிடும். புதினா, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை, கற்பூரவல்லி, வெற்றிலை, வல்லாரை இவை ஆறும் தழைக்கும். புதினாவையும் பொன்னாங்கண்ணியையும் கடையில் வாங்கிய கட்டிலிருந்தே நாலு கணு உள்ள தண்டாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். தெற்குப் பார்த்த பால்கனிக்காரர்களுக்கு இதே கணக்கு தலைகீழ்: இப்போது நிழலென்று கவலைப்பட வேண்டாம், மார்கழியில் தக்காளிக்கே வெயில் கிடைக்கும்.

கேள்வி: போன வருடம் எடுத்துவைத்த விதையில் வந்த சுரைக்காய் கசக்கிறது. பாகற்காய் மாதிரி உடம்புக்கு நல்லதுதானே என்று வீட்டில் சொல்கிறார்கள். சமைக்கலாமா?
*– வாசகர், கும்பகோணம்*

சமைக்கவே கூடாது. ஜூஸும் கூடாது. சுரையின் கசப்பு குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, சிலருக்கு ரத்த வாந்தி வரை போகும், உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன. வேகவைத்தாலும் போகாது. பாகலின் கசப்பு வேறு, இது வேறு. வீட்டுச் சுரையோ கடைச் சுரையோ, அரிந்ததும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துத் துப்பிப் பார்த்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கசக்கும் காயைச் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் புரட்டினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

போன வருடம் உங்கள் கொடிப் பூவில் எங்கோ இருந்த கசப்புச் சுரையின் மகரந்தம் விழுந்திருக்கலாம். அப்போது அந்தக் காய் கசந்திருக்காது. கலப்பு விதைக்குள் ஒளிந்து, இந்த வருடச் செடியில் வெளிப்படுகிறது. ஆகவே இந்தக் கொடியை வேரோடு எடுத்துவிடுங்கள், மீதி விதையையும் எறியுங்கள். பக்கத்தில் பீர்க்கோ பூசணியோ இருந்ததால் ஆனது என்று நினைக்க வேண்டாம், அவை சுரையோடு சேராது.

இனி விதை எடுக்க நினைத்தால், நாளை மாலை விரியப்போகும் ஒரு பெண் மொட்டையும் ஒரு ஆண் மொட்டையும் நூலால் கட்டிவையுங்கள். மாலையில் அவிழ்த்து நீங்களே மகரந்தம் சேர்த்து, பெண் பூவை மறுபடி கட்டிவிட்டு, காம்பில் அடையாள நூல் போடுங்கள். அந்தக் காயைக் கொடியிலேயே ஓடு இறுகும்வரை விட வேண்டும். இவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் சுரை விதையை வாங்கிக்கொண்டு, தக்காளி, அவரை, காராமணியில் விதை எடுக்கலாம். பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே சேர்ந்துகொள்பவை. வீரிய ஒட்டு ரகம் என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் எதிலுமே விதை எடுக்காதீர்கள், அடுத்த தலைமுறை தாய்ச்செடி போல் வராது.

கேள்வி: வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சள். என்ன சத்துக் குறைவு?
*– வாசகி, ஆத்தூர்*

சத்துக்குறைவு இல்லை, மஞ்சள் நரம்புத் தேமல் என்ற வைரஸ். இலை முழுவதும் மெல்ல வெளுத்தால் சத்துக்குறைவு. நரம்பு மட்டும் வலை பின்னியதுபோல் மஞ்சளானால் இது. மருந்து கிடையாது. வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து மறு செடிக்குக் கொண்டுபோகும், ஆகவே முதல் செடியில் கண்டதுமே பிடுங்கிவிடுங்கள். காய்க்கிறதே என்று வைத்திருந்தால் மொத்தமும் போகும். மஞ்சள் ஒட்டுப்பொறியைச் செடி உச்சிக்கு நேராகக் கட்டுங்கள். சுற்றி நிற்கும் துத்திச் செடிகளையும் களையுங்கள். பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா இந்த நோயைத் தாங்குவதற்காக வந்த ரகம். சில இடங்களில் இப்போது அதிலும் தேமல் வருகிறது என்றாலும் நாட்டு ரகங்களைவிடத் தேவலை. வெள்ளை ஈ பெருகும் கோடையில் வெண்டையைத் தவிர்த்து ஆடியில் போடுவதே பாதி மருந்து.

கேள்வி: பொங்கலுக்கு மஞ்சள்கொத்து வீட்டிலேயே வளர்க்க இப்போது நட்டால் தாமதமா?
*– வாசகி, நாமக்கல்*

தூளுக்கு என்றால் தாமதம், அதற்கு எட்டு ஒன்பது மாதம் வேண்டும். பானையில் கட்ட இலை பச்சையாக இருக்க வேண்டும், கிழங்கு விரலளவு இருந்தால் போதும். அதற்கு ஆடி நடவுதான் பொருத்தம். சித்திரையில் நட்டது தைக்குள் இலை காயத் தொடங்கிவிடும். முளை தெரியும் 30 முதல் 40 கிராம் விதைக்கிழங்கை 5 செ.மீ. ஆழத்தில், முளை மேலே பார்க்க நடுங்கள். 15 அங்குலப் பைக்கு மூன்று கிழங்கு. அரை நிழலிலும் வரும்.

கேள்வி: ஆடிக்காற்றில் பந்தலே சாய்ந்துவிட்டது. மாடியில் புடல், சுரை போட்டே ஆக வேண்டும் என்று ஆசை. வழி உண்டா?
*– வாசகர், தென்காசி*

அம்மியும் பறக்கும் காற்றுக்கு நேராகப் பந்தலை நிறுத்தி வெல்ல முடியாது. கணவாய் வழியாக வரும் காற்று உங்களுக்கு ஆவணி வரை ஓயாது. ஆகவே விதைப்பை ஆடி கடைசிக்குத் தள்ளுங்கள். கொடி பந்தலைத் தொட ஐந்து வாரம் ஆகும், அப்போது புரட்டாசி நெருங்கிக் காற்றும் தணியும். அதுவரை நாற்றைப் பையில் சுவரோரமாக வைத்திருங்கள்.

காற்று வரும் மேற்குப் பக்கம் தகரமோ தார்ப்பாயோ கட்டாதீர்கள். அதில் மோதும் காற்று மேலே ஏறி மறுபக்கம் சுழன்று விழும், செடி இன்னும் மோசமாக ஒடியும். 50 சதவீத நிழல்வலையைக் கட்டினால் பாதிக் காற்று ஊடுருவி வேகம் குறையும். பந்தலை ஆறடிக்குப் பதில் நாலரை அடியில் போடுங்கள். காலாக நிற்கும் குழாயைக் கான்கிரீட் நிரப்பிய பெயின்ட் வாளியில் நட்டு, நாலு மூலையையும் கைப்பிடிச் சுவரோடு கம்பியால் இழுத்துக் கட்டுங்கள். தளத்தில் துளை போட வேண்டாம், சாரல் தண்ணீர் அதன் வழியாக உள்ளே இறங்கும். மேலே கம்பிக்குப் பதில் நைலான் வலை விரியுங்கள், காற்றில் ஆடும்போது கொடியை அறுக்காது. புடலங்காய் இந்த உயரத்தில் தரையைத் தொடும் என்பதால் குட்டைப் புடல் ரகமாக வாங்குங்கள்.